சர்க்கரை இறங்கினால் நல்லதுதானே

1

முழுநிலவு வந்தால் என் மகளின் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்பது எனக்குத் தெரியாமல் போகும். இது ஜோதிடம் இல்லை. நான் பொறியியல் படித்தவள். கனடாவில் எட்மன்டன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட சங்கிலிகளைப் படம் போடுவதுதான் என் வேலையே. ஒரு கணினி விழுந்தால் அதை நம்பியிருக்கும் எது எது விழும், அது விழுந்தால் அடுத்தது எது என்று கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பேன். சாலை விளக்குகளுக்குப் போட்டிருக்கிறேன், தண்ணீர் பம்புகளுக்குப் போட்டிருக்கிறேன். மிகவும் நுணுக்கமானவள் என்று அலுவலகத்தில் பெயர். அந்தப் படங்கள் ஒன்றில்கூட நிலவுக்கு ஒரு கட்டம் ஒதுக்கத் தோன்றியதில்லை.

யாழினிக்குப் பதினாறு வயது. ஒன்பது வயதில் அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. நம் ஊரில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பேசிக்கொள்ளும் சுகர் இல்லை இது. வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போடும் இன்சுலினும் தின்னும் சாப்பாடும் ஒன்றையொன்று சமாளிக்க வேண்டும். இன்சுலின் கம்மியானால் சர்க்கரை ஏறும். அது மெதுவாக நடக்கும், டாக்டரிடம் போக அவகாசம் இருக்கும். இன்சுலின் ஜாஸ்தியானால், அல்லது ஊசி போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடந்தால், சர்க்கரை சரசரவென்று இறங்கும். உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் மயக்கம், அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அவள் மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் எண்ணை அவள் கைப்பேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அது ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் கணினிக்குப் போய், என் கைப்பேசிக்கு ஒரு புள்ளியாக வந்து சேரும். பக்கத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஓர் அம்பு. ஏழு வருடமாக அந்தப் புள்ளிகளைத்தான் நான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை தானாக வளர்ந்துவிட்டது.

2

நேற்று யாழினியின் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் யாரையும் சாராமல் இயங்கும் மாணவியாம். இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அந்த வரிதான்.

இந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு எண்பது வயதுக்கு மேல். தன் வாசல் பனியைத் தானே வாருவார். நான் வாரித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, அவருடைய கோட்டைக் கழற்றச் சொன்னது போல என்னைப் பார்த்தார். அவர் வீட்டுச் சூடு எங்கிருந்தோ குழாயில் வருகிறது. அவர் தின்னும் கீரை ஆயிரக்கணக்கான மைல் லாரியில் வருகிறது. அந்த லாரியை ஓட்டி வருபவர் ஜலந்தர்க்காரர். இதெல்லாம் சார்ந்திருப்பதில் சேராது. பனியை வாருவது மட்டும்தான் சேரும்.

இதே ஊர்ப் பள்ளியில்தான் ஏழு வருடம் முன்பு, சர்க்கரை இறங்கும்போது வகுப்பில் ஒரு ஜூஸ் குடிக்க யாழினிக்கு அனுமதி கேட்டபோது, குடும்ப டாக்டர், நிபுணர், தலைமை ஆசிரியர், நான் என்று நான்கு கையெழுத்து கேட்டார்கள். கையெழுத்தெல்லாம் ஆன பிறகு ஜூஸை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி வைத்திருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் மயக்கம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

யாரையும் சாராத இந்த மாணவியின் இன்சுலின் எங்கே தயாராகிறது என்று எப்போதோ படித்தேன். பெரிய பெரிய தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைச் செய்கின்றன. அவை வளர்வதற்குப் போடும் தீனி சர்க்கரை. அவை சர்க்கரை தின்று இன்சுலின் செய்கின்றன, என் மகள் அந்த இன்சுலினைப் போட்டுக்கொண்டு சர்க்கரை தின்கிறாள். எதிர்வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னால் தொட்டிக்குள் இருப்பவர்கள் பனி வாருகிறார்களா என்று கேட்பார்.

3

இந்தக் கோடை விடுமுறையில் யாழினி திருவண்ணாமலைக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். அங்கே என் அக்கா கஸ்தூரி இருக்கிறாள். எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகிப் போனவள், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு. அம்மா கூட வரக் கூடாது என்பது யாழினியின் நிபந்தனை. எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் வடக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருபவர், போகட்டுமே என்றார். வீட்டில் இல்லாதவர்களுக்கு எல்லாமே எளிது.

போவதற்கு முன் வீடியோவில் அக்காவுக்கும் மாமாவுக்கும் வகுப்பு எடுத்தேன். ஏறினால் இது, இறங்கினால் அது. இறங்குவதுதான் பெரிய ஆபத்து, இறங்கினால் உடனே இனிப்பு. படம் போட்டு, அம்புக்குறி இழுத்து. இருவரும் நன்றாகத் தலையாட்டினார்கள். மாமா கூடுதலாக ஆட்டினார். அவர் இருபது வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த வீட்டில் சர்க்கரை என்பது திருட்டுச் சொத்து. அக்கா ஒளித்து வைப்பாள், மாமா கண்டுபிடிப்பார், அவள் இடத்தை மாற்றுவாள். இருபது வருடமாக அந்தத் தெருவில் ஒருவருக்கொருவர் எண் விசாரித்துக்கொள்கிறார்கள். "இன்னா, எவ்ளோ?" "நூத்தி எழுவது." "அட, எறங்கிடுச்சே, இன்னா சாப்புடறீங்க?" இறங்குவது என்றால் அங்கே சந்தோஷச் செய்தி. நான் எடுத்த அரைமணி வகுப்பில் பாதி மட்டும்தான் அந்த இருபது வருடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது: பிள்ளைக்குச் சுகர் இருக்கிறது, ஜாக்கிரதை.

அக்கா ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். மளிகைக் கடைக்காரர், பால்காரம்மா, மாடி வாடகை அறையில் தியானத்துக்காகத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவைத்தாள், பெண்ணுக்கு இனிப்பாக எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று. முதல் வாரம் யாழினி போனில் சொன்னாள்.

"அம்மா, இங்க எல்லாரும் எனக்காக ரொம்ப வருத்தப்படறாங்க. பால் குடுக்கற ஆன்ட்டி என் கன்னத்தைத் தொட்டு அழுதாங்க. நான் சாகப் போறேனா?"

"இல்லடி. அன்பு."

"ஓ," என்றாள். பெரிதாக நம்பியதாகத் தெரியவில்லை.

4

ஆடிப் பௌர்ணமி அன்று எங்களுக்குச் சனிக்கிழமை காலை. அவர்களுக்குச் சாயங்காலம். காபியோடு உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான வார இறுதிப் பொழுதுபோக்கு. புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கனடாக் கணக்கில் ஆறு, ஐந்தரை, ஐந்து. கடைசியாக நாலு புள்ளி மூன்று, அம்பு நேராகக் கீழே. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

யாழினியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழியில் வருத்தப்பட்டது. அக்காவைக் கூப்பிட்டேன். அதே குரல். மாமா வீட்டில் இருந்தார், வீட்டு இணையம் இருந்ததால் வாட்ஸப்பில் எடுத்தார்.

"மாமா, யாழினி எங்க?"

"உங்க அக்காகூட மலை சுத்தப் போயிருக்கா. நாலு மணிக்கே கெளம்பிட்டாங்க. செருப்புகூட போடலம்மா உன் பொண்ணு. வெளிநாட்டுக் கொழந்தைனு யாரும் சொல்ல மாட்டாங்க."

"மாமா, சுகர் எறங்கிட்டே போகுது. நாலு புள்ளி மூணு வரைக்கும் பாத்தேன், அதுக்கப்பறம் ஒண்ணும் வரல."

"எவ்ளோ?"

"நாலு."

"நாலா? எனக்குக் காலையில இருநூத்திப் பத்து. குடுத்து வெச்சவம்மா. பாத்தியா, வந்து மூணு வாரத்துல உங்க அக்கா எப்டி எறக்கிட்டா. அங்க டாக்டருங்க இத்தினி வருசமா இன்னா பண்ணாங்க?"

இந்தியாவில் ஓர் அளவு, கனடாவில் வேறு அளவு, எங்கள் நாலு உங்கள் எழுபத்து சொச்சம் என்பதையெல்லாம் விளக்கும் நிலையில் நான் இல்லை.

"மாமா, எறங்கினா மயக்கம் போட்டு விழுந்துடுவா. உயிருக்கே ஆபத்து. நடந்து வேற இருக்கா. அவ பையில ஆரஞ்சு டப்பால இனிப்பு மாத்திரை இருக்கு, அதத் தின்னணும்."

அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆரஞ்சு டப்பாவா?"

"ஆமா."

"அது இங்க இருக்கும்மா. உங்க அக்காதான் பையில இருந்து எடுத்து வெச்சா. சுகர் பொண்ணு பையில எதுக்கு சக்கர மாத்திரைன்னு."

நான் ஏதோ கத்தியிருக்க வேண்டும். மாமா, "இரு, நான் போறேன்," என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தார்.

அதன் பிறகு என்னிடம் மிஞ்சியது என் தொழில் திறமை மட்டும். சமையலறையில் நின்றுகொண்டு மனதுக்குள் படம் போட்டேன். நிலவு நிறைகிறது, ஆகவே லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்ற வருகிறார்கள். ஆளுக்கு ஒரு கைப்பேசி, ஆளுக்கு ஒரு வீடியோ அழைப்பு, ஆகவே கைப்பேசிக் கோபுரங்கள் திணறுகின்றன. ஆகவே என் மகள் கையிலிருந்து வரும் எண் வெளியே போகாமல் அங்கேயே சுற்றுகிறது. படம் அழகாக வந்தது. எந்தக் கட்டத்திலும் நான் தொடக்கூடியது எதுவும் இல்லை.

புள்ளிகளைக் காட்டும் செயலியின் உதவி எண்ணை அழைத்தேன். நோயாளியின் பிறந்த தேதி கேட்டார்கள். நீங்கள் பின்தொடரும் நபர் இப்போது உங்கள் அருகில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அருகில் இருந்தால் நான் ஏன் பின்தொடர்கிறேன் என்று கேட்டேன். உள்ளூர் அவசர எண்ணை அழைக்கச் சொன்னார்கள். கை பழக்கத்தில் எட்மன்டனின் அவசர எண்ணையே அழைத்தேன். எந்தத் தெருவில் அவசரம் என்று ஒரு பெண் பரிவோடு கேட்டார். கிரிவலப் பாதை என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஜி, ஐ, ஆர் வரைக்கும் சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன்.

5

அங்கே நடந்ததை யாழினியும் அக்காவும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு கதையும் பெரும்பாலும் பொருந்துகின்றன. யார் மானம் போனது என்பதில் மட்டும் வேறுபாடு.

சர்க்கரை இறங்குவது யாழினிக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் கையும் கைப்பேசியும் பேசிக்கொள்ளக் கோபுரம் தேவையில்லை. பாதி வழி தாண்டியபோது அலாரம் அடித்தது. பையைத் துழாவினாள்.

"பெரியம்மா, என் மாத்திரை டப்பா?"

"வீட்ல பத்திரமா இருக்குது கண்ணு."

"எனக்கு இப்ப இனிப்பு வேணும் பெரியம்மா."

"வேணாம் கண்ணு. உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

உடம்பு வேர்த்துக் கை நடுங்கியது. ஆடி மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும்தான் வேர்த்தது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே ஓர் அன்னதானப் பந்தல். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாழினி கையை நீட்டினாள். அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்கு சுகரு. பொங்கல் வேணாம், சுண்டல் வைங்க."

"இந்த வயசுலயா? அய்யோ பாவம்," என்று பந்தல்காரர் மனமிரங்கிச் சுண்டலை இரண்டு மடங்கு வைத்தார். சுண்டல் ரத்தத்தில் சேர்வதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிடும்.

யாழினி தமிழ் கற்றது எட்மன்டனில், சனிக்கிழமை வகுப்பில், பாடப்புத்தகத்திலிருந்து. பதற்றம் வந்தால் அந்தத் தமிழ்தான் வரும்.

"ஐயா, எனக்கு உடனடியாக இனிப்பு தேவைப்படுகிறது. இல்லையென்றால் நான் மயங்கி விழுந்துவிடுவேன்."

பந்தல்காரர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். "டேய், இங்க வாங்கடா. இந்தப் பொண்ணு எவ்ளோ அழகா பேசுது பாருங்க. இன்னொரு தபா சொல்லு கண்ணு."

அந்தப் பாதையில் அப்போது அவளுக்கு உதவத் தயாராக இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பெரியம்மா அவள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பந்தல்காரர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், சுகருக்குப் பாகற்காய் நல்லது என்று சொல்லிக் காப்பாற்றினார்.

அப்போது யாழினிக்கு முன்னால் ஒரு பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதன் கையில் குழல் போட்ட மாம்பழ ஜூஸ் டப்பா. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கும் என் மகள், கையை நீட்டி அந்த ஜூஸைப் பிடுங்கினாள். ஒரே மூச்சில் உறிஞ்சினாள். குழந்தை வீறிட்டது.

"ஏம்மா, பாத்தா படிச்ச பொண்ணாட்டம் இருக்க, பச்சக் கொழந்த கையில இருந்து புடுங்கறியே," என்றாள் தாய்.

"மன்னிச்சிடும்மா," என்றாள் அக்கா. "சுகர் பொண்ணு. ஆசைய அடக்க முடியல."

யாழினி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிக் கை உதறுவதைப் பார்த்த அந்தத் தாய் திட்டுவதை நிறுத்தினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் பையிலிருந்து இன்னொரு ஜூஸை எடுத்துக் குழலைக் குத்தி நீட்டினாள். "இந்தா, இத்தயும் குடி. இவன் கெடக்கறான், இவனுக்குப் பொங்கல் குடுத்துக்கறேன்." கோபம் முழுதாகப் போகாமலேதான் கொடுத்தாளாம். நான்கு கையெழுத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் நகர்ந்து கோபுரம் மூச்சுவிட்டதும் என் கைப்பேசிக்குப் புள்ளிகள் மொத்தமாக வந்து விழுந்தன. மூன்றரை, மூன்று, இரண்டே முக்கால், இரண்டரை, மூன்று, நான்கு. அவள் ஏறிக் கடந்துவிட்ட பள்ளத்தை அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்தேன். அக்காவின் அழைப்பு வந்தது.

"ஏன்டி, இதான் நீ பொண்ணு வளத்த லட்சணமா? அத்தினி பேர் முன்னாடி என் மானம் போச்சு."

"அக்கா, அவ எப்டி இருக்கா?"

"அவளுக்கு இன்னா, ரெண்டு ஜூஸு குடிச்சிட்டு மலையப் பாத்துக்கினு உக்காந்திருக்கா."

சொன்னேன். இந்த முறை படம் போடாமல், ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அந்த ஜூஸைப் பிடுங்காமல் இருந்திருந்தால் இப்போது நீ அவளோடு ஆம்புலன்ஸில் இருந்திருப்பாய். அக்காவுக்குப் பின்னால் நாதஸ்வரம், கூட்டம், யாரோ பலூன் விற்கும் ஓசை.

"எறங்கினாலுமாடி ஆபத்து?" என்றாள். "உங்க மாமாவுக்கு எறங்கணும்னு நான் வாராவாரம் வெளக்குப் போடறேன்டி."

கைப்பேசி கை மாறியது.

"அம்மா, அழாதே," என்றாள் யாழினி. "நான் ஒரு பேபிகிட்ட திருடிட்டேன்."

மாமா பதற்றத்தில் ஆரஞ்சு டப்பாவை விட்டுவிட்டு வெல்ல டப்பாவோடு கிளம்பியிருந்தார். அக்கா ஒளித்து வைத்த இடம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு எதிரே போய்ச் சந்திக்கலாம் என்று கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, சுற்றுவது எப்படி என்று தெரியாதவராக எல்லோரிடமும் திட்டு வாங்கி, யாரையும் காணாமல் வீடு திரும்பினார். டப்பாவில் வெல்லம் குறைந்திருந்தது. டென்ஷனில் ரெண்டு வாய் போட்டுக்கொண்டாராம்.

6

உடனே கிளம்பி வா என்றேன். யாழினி வர மறுத்து, மீதி நாட்களையும் அங்கேயே கழித்தாள். அக்கா அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து, அக்காவின் கைப்பேசியிலும் அந்தச் செயலியைப் போட்டு, இந்தியக் கணக்குக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். யாழினியின் அவசரத்துக்கென்று மாமாவின் சட்டைப் பையில் எண்ணி இரண்டு மிட்டாய் இருந்தது. தினமும் சாயங்காலம் அக்கா எண்ணிப் பார்த்தாள்.

யாழினி திரும்பி வந்துவிட்டாள். அக்கா செயலியை எடுக்கவில்லை. நான் அலுவலகக் கூட்டத்தில் அம்புக்குறி இழுத்துக்கொண்டிருக்கும்போது திருவண்ணாமலையிலிருந்து அழைப்பு வரும்.

"எழுவத்தி ரெண்டு. அம்பு கீழ போவுது. கையில எதுனா குடுத்தியா?"

"அவ ஸ்கூல்ல இருக்காக்கா."

"ஸ்கூல்ல அவ பக்கத்துல யாரு இருக்காங்க?"

பள்ளி தன் மின்னஞ்சலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மலை சுற்றிய அந்த நாளுக்குப் பிறகு கைப்பேசி அதிர்ந்தால் இரண்டாம் அதிர்வுக்குள் எடுத்துவிடுகிறேன். போன சனிக்கிழமை காலையும் அப்படித்தான்.

"ஏய், புள்ளியே வரலடி," என்றாள் அக்கா. "ரொம்ப நேரமா வரல. கொழந்தைக்கு இன்னா ஆச்சு?"

என் கைப்பேசியைப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. இணையப் பெட்டியைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது. செயலியை மூடித் திறந்தேன். அதன் பிறகுதான் அவள் மாடியில் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"சென்சார் மாத்தறேம்மா," என்றாள் உள்ளேயிருந்து. "பழசு முடிஞ்சிடுச்சு. நம்பர் வர்றதுக்கு நேரம் ஆகும். ரெண்டு பேரும் அதுவரைக்கும் வேற எதுனா பண்ணுங்க."

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு. புதுசு ஒட்றாளா. சரி, வெச்சிடு."

நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. இரவுக்கு என்ன என்று கேட்டேன். உப்புமா என்றாள்.  உள்ளே யாழினி யாரோடோ ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கறாளா?" என்றாள் அக்கா.

கைப்பேசியைக் கதவோடு ஒட்டிப் பிடித்தேன்.